கருநாக்குக்காரி எழுதி வச்சது

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. குழாய்க்காரர் பதினோரு மணிக்கு வருவார். அவர்கிட்டயாவது வாயைத் திறந்து பேசுங்க.

மேட்ச் பாக்கும்போது கடைசி நிமிஷத்துல "இவங்க கோல் வாங்கிடுவாங்க போல"ன்னு நான் சொன்னது தப்புதான். சொல்லி முடிக்கல, வாங்கிட்டாங்க. அதுக்காக எனக்குக் கருநாக்குன்னு மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. நம்ம ஊர் டீம் வரிசையா ஒன்பது ஆட்டம் தோத்திருக்கு. நான் வாயைத் திறந்தது ஒண்ணுலதான். மீதி எட்டுக்கும் யார் நாக்கு? அந்த கோல்கீப்பர் கையை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்க.

போன வாரம் என் கட்டியில ஊசி குத்தி டெஸ்டுக்கு எடுத்தாங்களே, இன்னைக்குத்தான் ரிசல்ட். பேசாத மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? பயமா இருக்கு. என்ன பயம்னு எழுத மாட்டேன். ஒருவேளை நிஜமாவே என் நாக்கு பலிச்சிட்டா?

நீங்களும் "ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லிடாதீங்க. பதினாலு வருஷமா "இந்தத் தடவை கப்பு நமக்குத்தான்"னு சொல்ற வாய் அது. ஒண்ணும் பேசாம வந்து பக்கத்துல உக்காருங்க, போதும்.

பி.கு.: இப்பதான் போன் பண்ணி, குழாய்க்காரரை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடி, பதினோரு மணி.