ஆடாத மேஜை

அக்கா,

நேற்று மதியம் நல்ல மழை. சாரல் உள்ளே அடிக்காமலிருக்கக் கார் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றேன். ஈரக் காற்று பட்டதும் வேலை மேஜையின் கால்களிலிருந்து மீன் வாடை கிளம்பியது. ஏழு வருடமாக எத்தனையோ தடவை எண்ணெய் பூசியும் அது போகவில்லை. வேலை கொடுக்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ, சந்தை முடித்துக் கூடையோடு நீ உள்ளே நுழைந்ததுபோல் இருந்தது. எழுதத் தோன்றியது.

இந்த மேஜை பிறந்தது, பட்டறையில் பிரஸ் மிஷினில் என் இடது கையின் இரண்டு விரல்கள் துண்டான வருடம். கவனக்குறைவு என்னுடையதுதான். காயம் ஆறியது, ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இருபத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவன் வீட்டில் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வீடு கட்டும்போது கார் வாங்குவோம் என்று வீராப்பாகக் கட்டிய ஷெட்டில் கார் வரவே இல்லை. உடைந்த கட்டிலும் பழைய மின்விசிறியும்தான் நின்றன. அவற்றுக்கு நடுவே என் கருவிப் பெட்டியையும் தள்ளிவிட்டுப் பூட்டிவிட்டேன். கட்டிய மனைவி லூர்து கேட்கத் தயங்கியதை நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாய்.

"இன்னா நைனா, ஷெட்டுல எலி குடித்தனம் பண்ணிகினு கீது, நீ இங்க குந்திகினு கீற?"

கூடவே உன் தராசையும் கொண்டுவந்திருந்தாய். முள் ஒரு பக்கமாகவே சாய்கிறது, பார் என்றாய். காசிமேட்டில் தராசு பார்க்க ஆள் இல்லாமலா என்னிடம் வந்தாய்? அது எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் பெட்டியைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, மூன்று விரலால் தண்டைப் பிடித்துக்கொண்டு அரம் போட்டேன். தண்டு வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. நாலாவது தடவை தராசைச் சுவரில் விட்டெறிந்தேன். உன் பிழைப்பே அந்தத் தராசில்தான் இருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த லூர்து பயந்துபோனாள்.

நீ திட்டவில்லை. தராசை எடுத்து ஓரமாக வைத்தாய். பிறகு எங்கள் அருவாமனையை வாங்கி என் எதிரே போட்டு, அதன் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, கொண்டுவந்த சங்கராவை அறுக்க ஆரம்பித்தாய். நாலு மீன் முடிந்த பிறகு தலை நிமிராமல் பேசினாய்.

"இத்த யாரு புடிச்சிகினு கீறாங்க? என் காலு. அதான் ரெண்டு கையும் எனிக்கு மிச்சம். ஒனக்கும் அப்டி ஒண்ணு வேணும். புடிச்சிகினு நிக்க ஒண்ணு. வெரலு போனதுக்கு அழுதுகினு கீறியே, அத்த தேடுனியா?"

எத்தனை டாக்டர்கள் பேசியிருந்தார்கள், எத்தனை உறவுக்காரர்கள் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தபோது எனக்கு உன் கால்தான் நினைவில் இருந்தது. ஒரு கனமான மேஜை, அதில் ஒரு நல்ல வைஸ். இரும்பை வைஸ் பிடித்துக்கொண்டால் என் இடது கை வெறுமனே வழிகாட்டினால் போதும். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பட்டறையில் தினமும் அப்படித்தானே வேலை செய்தேன். அந்த மேஜை பட்டறைக்குச் சொந்தம் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான்.

மரத்துக்கு நான் அலையவேண்டும் என்று நினைத்திருந்தபோது, மூன்றாம் நாளே கட்டைகளை ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் மேல் நீயே ஏறி உட்கார்ந்து வந்தாய். துறைமுகத்தில் ஒரு பழைய விசைப்படகை உடைத்துக்கொண்டிருந்தார்களாம். சொந்தக்காரரிடம் சண்டை போட்டு நல்ல கட்டைகளாகப் பொறுக்கியிருந்தாய். மேல்பலகைக்குத் தண்டையார்பேட்டை கிடங்கில் மிஷின் இறங்கிய பெட்டிகளின் தடித்த மரம் கிடைத்தது. படகு மரத்தில் துருப்பிடித்த ஆணிகள் புழுவைப்போல நெளிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கட்டை எகிறாமல் இருக்க நீ அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டாய்.

முதல் மேஜையை நான் அவசரத்தில் செய்தேன். இரும்புக்காரனுக்கு மரத்தின் மேல் ஓர் இளக்காரம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். நாலு கால் வைத்து, ஆணி அடித்து, பலகையை மேலே போட்டேன். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. நீ வந்து, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாய். மேஜை ஒரு பக்கமாக முனகியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, உன்னோடு சேர்ந்து சாய்ந்தது. ஓடிவந்து பிடிப்பதற்குள் நீ தரையில் இருந்தாய். நீ பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்தாய்.

"நல்ல வேள, நான் வுழுந்தேன். நாளிக்கி ரிப்பேருக்கு வர்ற படகு இன்ஜின் வுழுந்திருந்தா?"

அந்த இடத்தில் லூர்து சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முழுவதையும் பிரித்தேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஆணியைத் தொடவே இல்லை. காலும் குறுக்குச் சட்டமும் சேரும் இடங்களில் உளியால் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரவைத்து, போல்ட் போட்டு முறுக்கினேன். பக்கத்துக்கு ஒரு சாய்வுச் சட்டம் கொடுத்தேன். கார் கழுவும் தண்ணீர் ஓடட்டும் என்று ஷெட்டின் தரையைத் தெருப்பக்கம் சரிவாகப் போட்டிருந்தோம். அதனால் முன்கால்கள் பின்கால்களைவிட ஒரு விரல்கடை நீளமாக வேண்டியிருந்தன. டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தேன். உயரம் மட்டும் நீ சொன்னது. என்னை நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டுக்கு நேராகச் சுவரில் கோடு போட்டாய். முப்பது வருடம் குனிந்து மீன் அறுத்து என் முதுகு போய்விட்டது, உனக்கும் அப்படி ஆகக்கூடாது என்றாய். கனத்துக்காக, கிடந்த இரும்பையெல்லாம் அடித்தட்டில் அடுக்கினோம். வைஸை ஓரத்தில், காலுக்கு நேர் மேலே பூட்டினேன்.

இரண்டாம் தடவை நீ உட்காரவில்லை. ஸ்டூல் வைத்து ஏறி, மேஜையின் மேல் நின்று, குதித்தாய். சின்ன உடம்பா உன்னுடையது? தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மேஜையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அடுத்த நாளே மீனவர் தேசிங்கைக் கூட்டிவந்துவிட்டாய். அவருடைய ஃபைபர் படகின் இன்ஜினில், உப்பு தின்ற போல்ட் ஒன்று உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. அந்தப் பாகத்தையே மாற்றவேண்டும், வர நாளாகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தாராம். மீன்பிடித் தடை முடிந்து கடல் திறந்த வாரம். எல்லாப் படகும் போய்க்கொண்டிருக்க இவர் கரையில் நின்றார். என் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை நீயும் கவனித்தாய். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ இன்ஜினை இறக்கச் சொல்லிவிட்டாய்.

அந்தப் பாகத்தை வைஸில் இறுக்கினேன். ஒடிந்த போல்ட்டின் நடுவில் புள்ளி குத்தி, டிரில்லை நேராக நிறுத்தி, மெல்ல இறக்கினேன். கொஞ்சம் ஆடியிருந்தாலும் சுற்றியுள்ள திருகு மரை போயிருக்கும், பாகமே வீணாகியிருக்கும். மேஜை ஆடவில்லை. என் மூன்று விரல்கள் டிரில்லின் கழுத்தில் அமைதியாக இருந்தன. உள்ளே இருந்த துண்டு சுருள் சுருளாக வெளியே வந்தது. புதிதாக மரை வெட்டி, புது போல்ட் போட்டபோது அது கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனது.

மேஜையின் பக்கத்தில் ஒரு பலகையை நிமிர்த்திப் பூட்டி, அதில் இன்ஜினை மாட்டி, அடியில் வெட்டிய டிரம்மில் தண்ணீர் நிரப்பினோம். தேசிங்கு கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. தண்ணீர் கொப்பளித்து ஷெட் முழுக்கத் தெறித்தது. அந்த உதறலில் மேஜை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நீ தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவரையெல்லாம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினாய். தேசிங்கு மறுநாள் கடலுக்குப் போனார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு இன்ஜின்கள் வந்தன. பிறகு நிற்கவே இல்லை.

உனக்கு நான் செய்துகொடுத்த நின்று அறுக்கும் மேஜையை ஒரு மாதம் நீ தொடவில்லை. நின்றால் எனக்கு வராது என்றாய். பிறகு ஒரு நாள் நின்றாய். கடைசி மூன்று வருடமும் நிமிர்ந்து நின்றுதான் வஞ்சிரம் அறுத்தாய். மாரடைப்பு வந்த காலையிலும் அங்கேதான் நின்றாயாம். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னிடம் நன்றி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ கெட்ட வார்த்தையில்தான் பதில் சொல்லியிருப்பாய்.

சந்தையில் மற்றப் பெண்களும் கேட்டு, இதுவரை பதினோரு மேஜை செய்துவிட்டேன். போன வாரம் பன்னிரண்டாவதை இறக்கப் போனேன். உன் இடத்தில் இப்போது கலா என்றொரு பெண் வியாபாரம் செய்கிறாள். உன் மேஜையில்தான் அறுக்கிறாள். எங்காவது ஆடுகிறதா, போல்ட்டை இறுக்கவா என்று கேட்டேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"என் தம்பி செஞ்சா ஆடாதுன்னு ஒங்க அக்கா ஊருக்கே சொல்லிகினு இருக்கும். ஆடல."

பக்கத்தில் மீன் ஏற்றிப் போகும் கேரியர் வண்டிக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வண்டி இன்ஜினைக் கழற்றி வைக்கத் தனக்கும் ஒரு மேஜை வேண்டும், ஆனால் கனம் தாங்குமா என்று என்னிடம் கேட்டார். வழக்கமாக நான் இப்படிப்பட்ட கேள்விக்கு, செய்து பார்க்கலாம் என்று இழுப்பேன். அன்று இழுக்கவில்லை, அக்கா. அந்தச் சந்தையில், அத்தனை பேர் நடுவில், உரக்கவே சொன்னேன்.

"நான் செஞ்சா ஆடாது."