ராட்சசியின் உயிர் இருந்த தீப்பெட்டி

12.9.2006, செவ்வாய்

இந்த டைரியே நம்பாத கதையொன்றை எழுதப்போகிறேன், சத்தியம்.

கல்லூரிக்காக நாட்டுப்புறக் கதை சேகரிக்கும் அக்கா மகள் செல்வி என்னிடம் வந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது. மாமன் மரியாதைக்காக அங்கேயே ஒரு கதையைப் பெற்றெடுத்தேன். பனை உயர ராட்சசி பட்டாசு ஆலை வேலைக்கு வருகிறாள். அவள் உயிர் மடியிலிருக்கும் தீப்பெட்டிக்குள். கேட்டில் சோதித்த வாட்ச்மேன் அதைப் பிடுங்கவும் செத்து விழுந்தாள்; பிணம் மட்டும் ஏழு லாரி லோடு.

"எம்புட்டு வருசத்துக் கதை மாமா?"

"ராசாக்க காலம், தாயி."

"அப்பவே வாட்ச்மேன் இருந்தாரா?"

"அவரு இல்லாம எந்த ராசா பட்டாசு வெடிச்சாரு?"

அப்படியே எழுதிக்கொண்டாள். நாளை வாத்தியார் கண்டுபிடித்தால் பிள்ளைக்கு மார்க் போய்விடும். விடிந்ததும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வாட்ச்மேன் தீப்பெட்டியைப் பிடுங்கியது மட்டும் நிஜம். நேற்று, நான் வேலை பார்க்கும் ஆலை கேட்டில், என் மடியிலிருந்து. நான் பீடியை விட்டுவிட்டதாக என் வீட்டுக்காரி ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள்.