ஒற்றைப் பிள்ளை

11 ஜூன் 1978, ஞாயிறு

கமலாக்ஷி அத்தை மறுபடியும் ஒரு ஜாதகத்தோடு வந்தாள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. "ஒனக்காக இல்லேடா சிவசங்கரா, வயசான அப்பாவைப் பாத்துக்க ஆத்துலே ஒரு பொம்மனாட்டி வேண்டாமா?" என்றாள். சமைக்கிறேன், அப்பாவைக் குளிப்பாட்டுகிறேன், நனைந்த வேஷ்டியைக் கசக்கிப் போடுகிறேன். ஆண்பிள்ளை செய்தால் அது சேர்த்தி இல்லையா?

14 ஜூன்

இந்தத் தெருப் பையன்கள் எல்லாம் பம்பாய்க்குப் போயாயிற்று. மிச்சம் கிழங்கள். பக்கத்து வீட்டு மாமா, "வம்சம் நின்னுபோறதே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். எல்லாருடைய வம்சத்துக்கும் நான்தானா கிடைத்தேன்?

18 ஜூன்

காயலுக்கு அக்கரையில் இருக்கும் வைப்பின் தீவிலிருந்து படகேறி அந்தப்பன் வந்திருந்தான். என்னோடு மிளகுக் கிடங்கில் வேலை செய்கிறவன். வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் வருகிறான். இந்த டைரியில்கூட எழுதப் பயந்தேன் — எனக்கு அவன்தான். பெண் யாரும் வேண்டாம், என்றைக்கும் வேண்டியிருந்ததில்லை.

அப்பா உள்ளேயிருந்து கத்தினார்: "இவனாலேயாக்கும் நீ கல்யாணம் வேண்டாங்கறே. நீ ஆம்பளையாடா?"

அந்தப்பன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். நான் அப்பாவின் கஞ்சிக் கிண்ணத்தை முற்றத்தில் வீசினேன். "ஒண்ணோட நிறுத்தினது நீங்கதானே? நாலு பெத்திருந்தா என்னை விட்டிருப்பேளே!"

2 ஜூலை

அவன் வரவில்லை. போன ஞாயிறும் வரவில்லை.

6 ஜூலை

அப்பா குளிக்கும் அறையில் வழுக்கி விழுந்துவிட்டார். என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. கதவு கதவாகத் தட்டினேன். எல்லா வீட்டிலும் கிழங்கள். கைத்தடியோடு வாசலில் வந்து நின்றார்கள், பாவம். கிடங்குக்கு ஓடினேன். அந்தப்பன் எதுவும் கேட்காமல் கூடவே ஓடிவந்தான். "ஞான் தோளு பிடிக்காம், நீ காலு பிடி" என்று மலையாளத்தில் சொல்லி, அப்பாவின் தோளைத் தாங்கிக்கொண்டான். அவன் கழுத்தை அப்பா இறுகக் கட்டிக்கொண்டார்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. இனி நடக்க மாட்டாராம்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

அத்தை இன்னொரு ஜாதகம் கொண்டுவந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "வேண்டாம், எடுத்துண்டு போ" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு "ஆம்பளையாடா" என்று கேட்டதற்கு என்னிடம் ஒரு வார்த்தை வருத்தமும் சொல்லவில்லை. தூக்கித் திருப்பிப் போட அந்தப்பன் வந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதானே?

மத்தியானத்திலிருந்து பேய்மழை. அப்பா என்மேல் எரிந்து விழுந்துகொண்டே இருந்தார்.

"வைப்பின் படகு இன்னிக்கு ஓடறதோ இல்லியோ, போய்க் கேட்டுண்டு வாயேன். அந்தப்பனைக் காணலியே. நீ திருப்பிப் போட்டா வலிக்கறதுடா."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.