ஹெகொந்தா, மதினி

மதினி,

இன்று காலை நம் வீட்டில் முக்கியமான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. ஒடுக்கு விழுந்த எவர்சில்வர் சொம்பைப் பழைய பாத்திரக்காரருக்குக் கொடுப்பதில்லை. அம்மா கொடுக்கலாம் என்றார்கள். நான் கூடாது என்றேன். அண்ணன் ஜப்பானில் இருப்பதால் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. வாசலில் வெகுநேரம் நின்று பார்த்த பாத்திரக்காரர், "பொறவு வாரேன் தாயி" என்று போய்விட்டார்.

சொம்பை அடுப்படியில் வைத்தேன். சரிப்படவில்லை. ஜன்னலில் வைத்தேன், பிறகு என் மேசையில். நீங்கள் போனதிலிருந்து இந்த வீட்டில் எதையும், என்னையும் சேர்த்து, ஒரே இடத்தில் வைக்க முடிவதில்லை.

அண்ணனிடம் போய்ச் சேர்வதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தீர்கள். தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை, துணைக்கு நான். ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து இருவரும் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே போவோம். ஜெபிக்கிறோம் என்று நினைத்து, கண்டக்டர் நமக்கு மட்டும் மரியாதையாகச் சில்லறை கொடுப்பார்.

ஒரு நாள் பாடம் துக்கத்தைப் பற்றியது. கனஷீ என்றால் வருத்தம், சபிஷீ என்றால் ஆளில்லாத ஏக்கம் என்றார் டீச்சர். மனம் சோர்ந்து கிடந்தால் 'ஹெகொந்தா' என்பார்களாம். ஒடுக்கு விழுந்துவிட்டது என்று. நீங்கள் பென்சிலைக் கீழே வைத்தீர்கள்.

"ஏட்டி, இம்புட்டு நாளா எனக்கு இருக்கது இதுதான்."

அதைத் தமிழில் சொல்ல நம் வீட்டில் வழியில்லை. யாராவது மனசு சரியில்லை என்றால் அம்மா உடனே சபைக்குப் போன் போடுவார்கள். சாயங்காலத்துக்குள் கூடம் நிறைய ஜெபக்குழு வந்துவிடும். பாய் விரிப்பது, காபி போடுவது, தம்ளர் கழுவுவது எல்லாம் மருமகள் பொறுப்பு. அதாவது மனசு சரியில்லாதவர் பொறுப்பு. அண்ணன் விமானம் ஏறிய வாரம் நீங்கள் ஒரே ஒரு தடவை அதை வாய்விட்டுச் சொன்னீர்கள். "அழலாம்னுதான் பாத்தேன், பால் பொங்கிருச்சு" என்றீர்கள் பிறகு.

அன்றைய வகுப்புக்குப் பின் உங்கள் துக்கம் முழுவதும் ஜப்பானிய மொழிக்கு மாறியது. அரிசி களைந்துகொண்டே "ஹெகொந்தா" என்பீர்கள். பாடம் படிக்கிறீர்கள் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். சொல்லக்கூட முடியாத நாளில் இந்தச் சொம்பைக் குழாயடியில் வைப்பீர்கள். நான் துணி எடுக்கிற சாக்கில் உங்களை மாடிக்குக் கூட்டிப்போவேன். அங்கே மலையைப் பார்த்தபடி, "ஒண்ணும் கேக்காதட்டி. செத்த நேரம் கூட இரு" என்பீர்கள்.

ஒரு தடவை மட்டும் கேட்டேன், இதை அண்ணனிடம் போனில் சொன்னால் என்ன என்று.

"அவியகிட்டயா? அவியளுக்கு ஜப்பான் பேச்சு புரிஞ்சிருமே!"

உங்கள் விசா வந்தது. அதற்கு முந்தின வாரமே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிருந்தது.

அந்தச் சொல் என்னிடம்தான் இருக்கிறது. பஸ்ஸில் வாய்க்குள் வருகிறது. சொல்லத்தான் ஆள் இல்லை. மத்தியானம் சொம்பைக் குழாயடியில் வைத்துப் பார்த்தேன். அம்மா வந்தார்கள், எடுத்தார்கள், கழுவிக் கவிழ்த்தார்கள்.

"என்ன புள்ள, ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடாம அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகிட்டே திரியுத?"

மனசு சரியில்லை என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. காபி நான்தான் போட்டேன்.