சீட் கம்பி

என்னங்க,

இதை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் ஜெயில் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். இந்தத் தடவையும் உங்கள் சைக்கிள் கதைதான், அவரை அலுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்று புதுப் பெடல் போட்டேன். செயின், பிரேக், இரண்டு சக்கரம் எல்லாம் இந்த நாலு வருஷத்தில் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. போன மழைக்கு முன்னால் கியர்கூட வைத்தாயிற்று. வீட்டுக்கு ஏறும் மேட்டில் இப்போதெல்லாம் நான் இறங்குவதே இல்லை, தெரியுமா!

கடைக்காரருக்கு உங்கள் சீட் கம்பி மேல்தான் கண். அடிவரை இறக்கியும் எனக்குக் கால் விரல்தான் தரையில் படுகிறது. "ரெண்டு விரல் அறுத்துட்டா சீட்டு இன்னும் இறங்கும்மா" என்பார். "அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சண்டைதான். "யாருக்காகம்மா வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெடல் மாட்டி முடிக்கும்போது வக்கீல் போன் செய்தார்.

"விடுதலைம்மா! பேப்பர் அங்க போய்ச் சேர ரெண்டு மூணு நாள் ஆகும், அவ்வளவுதான்."

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றினேன். அவர் சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டார்.

பெடலுக்குக் கால் எட்டவில்லை. மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டேதான் வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி