ரத்தத்தில் இரண்டு கோடு

கடலூர்
12-8-2024

அன்புத் தங்கச்சி மங்கலத்துக்கு அக்கா புஷ்பவள்ளி எழுதுவது.

போனை எடுக்கவில்லை என்று வருத்தப்படாதே. என் பிள்ளை சுவாதி போனதிலிருந்து, பேசினால் அழுகைதான் வருகிறது.

உனக்கும் என்னைப் போல இரண்டு கோடு என்று மாமா சொன்னார். அண்ணாமலை நகர் லேபில் ரத்தம் டெஸ்ட் பண்ணும் பிரிசில்லா அம்மா எனக்கும் காட்டியிருக்கிறார்கள். கரண்ட் விட்டால் ரத்தம் கோடாகப் பிரிகிறது. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. எனக்கும் மாமாவுக்கும் இரண்டும் இருக்கிறது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. என் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் கெட்டதே வந்துவிட்டது. ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் அந்த நோய்தான் அவளைக் கொண்டுபோனது.

மூத்தவள் என்று என்னைத் தாய்மாமனுக்கே கட்டினார்கள். அம்மா ரத்தம்தானே மாமா ரத்தமும். இளையவள் உன்னைச் சொந்தமில்லாத அசலில் கொடுத்தார்கள்.

நீ முழுகாமல் இருப்பதால் உன் புருஷனுக்கும் டெஸ்ட்டாமே. அவருக்கும் இரண்டு கோடு வரட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அக்கா

சிதம்பரம்
2-9-2024

அன்புள்ள அக்காவுக்கு மங்கலம் எழுதுவது.

நீ நினைத்ததைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அவரிடம் காட்டவில்லை.

ரிசல்ட் வந்துவிட்டது. அவருக்கு ஒரே கோடு, நல்லது. குழந்தைக்கு அந்த நோய் வராதாம்.

ஐப்பசியில் வளைகாப்பு. "புள்ளையப் பறிகொடுத்தவ மொத வளையல் போடலாமா?"ன்னு மாமியார் கேட்டாங்க. "எங்கக்கா போடலன்னா வளைகாப்பே வேணாம்"னுட்டேன். நீ வரணும்.

பெண் பிறந்தால் சுவாதி என்றே வைக்கலாம் என்று அவர் சொல்கிறார். நம்ம சுவாதியே திரும்பி வந்த மாதிரி இருக்கும் அக்கா.

மங்கலம்

கடலூர்
9-9-2024

மங்கலம்,

"நம்ம மங்கலம் தப்பிச்சிட்டாடி"ன்னு மாமா லட்டு வாங்கி வந்தார். நான் தொடவில்லை. "நானும் ஒங்க அக்கா மவதான மாமா, என்னை ஏன் கட்டினீங்க?"ன்னு கேட்டேன். லட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வளைகாப்புக்கு நான் வரவில்லை. உன் மாமியார் சொன்னதற்காக இல்லை. உன் வயிற்றைப் பார்த்தால் என் கண் சும்மா இருக்காது. நல்லபடியாகப் பெற்றெடு. அதை மனசாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பேரை வைக்காதே. ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறது. உன் வீட்டில் "சுவாதி, சாப்பிட வா"ன்னு கூப்பிட்டு, உன் பிள்ளை ஓடி வந்தால் நான் தாங்கமாட்டேன். அந்தப் பேருக்கு ஓடி வர வேண்டியது என் பிள்ளை.

புஷ்பவள்ளி