பார்க்காத வயல்களுக்கு நான் வைத்த கையெழுத்து

இன்று காலை வெள்ளம் வடிந்த வயலில் கால் வைத்ததும் அழுகிய நெற்கதிரின் நாற்றம் மூக்கில் ஏறியது. உன் நினைவுதான் வந்ததடி. வரம்பில் நின்று உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். பக்கத்திலிருக்கும் உன் வயலில் இப்போது ஆண்டுக்கொரு குத்தகைக்காரர். இந்த முறை வந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பினால் மேட்டுக்காணிக்காரர் பயிரழிவுக் காப்புறுதிப் படிவத்துடன் வாசலில் நிற்கிறார். "அக்கா, ஒரு கையெழுத்து. அயல் வயல்காரர் சாட்சி வேணுமாம்." படிவம் பாதிக்கு மேல் நிரப்பப்படாமல் இருந்தது. "வாங்கோ, முதல் வயலைப் பார்ப்பம்" என்றேன். அவருடைய காணியில் வெள்ளம் ஏறாது என்பது ஊருக்கே தெரியும். "நீங்கள் முந்தி இப்பிடி இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார். இனி அவர் வீட்டு விசேஷங்களுக்கு எனக்கு அழைப்பு வராது.

முந்தி நான் எப்படி இருந்தேன் என்பதை உன்னைவிட யார் அறிவார்? கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விதைக்கிற எங்களுக்குள், அழிவுக்குச் சாட்சிக் கையெழுத்து வைப்பது செத்தவீட்டுக்குப் போவது மாதிரி. மறுத்தால் பகை. சைக்கிள் சீற்றில் தாளை வைத்து, யாருடைய காணி என்றுகூடக் கேட்காமல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். விதைக்கவே விதைக்காத காணிக்கும் வைத்தேன். காப்புறுதிக் கந்தோர்க் காசுதானே, யார் குடி கெடப்போகிறது என்ற நினைப்பு. நீ மட்டும், "போய்ப் பார்த்துப்போட்டு வையடி" என்று அலுக்காமல் சொல்லுவாய். உனக்குத் தலைக்கனம் என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

பிறகு அந்த மாரிகாலப் பெரும்போக விதைப்பு. மழை விடாமல் பெய்து உன் பள்ளக்காணி மூழ்கியது. புருஷன் போனபின் ஒருத்தியாக நின்று நீ விதைத்த வயல். இழப்பீடு வந்தால்தான் உனக்கு அடுத்த விதைப்பு. என்னை முழங்கால் தண்ணீரில் வரம்பு வரம்பாக நடத்திக் காட்டிய பிறகுதான் தாளை என் கையில் தந்தாய்.

காப்புறுதி அதிகாரி வருவதற்குள் தண்ணீர் வடிந்து, மிஞ்சியதை மாடுகள் மேய்ந்துவிட்டன. அவர் பழைய படிவக் கட்டைப் பிரித்து என் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"அம்மா, தண்ணி ஏறாத மேட்டுக்காணிக்கும் நீங்கள்தான் சாட்சி. விதைக்காத காணிக்கும் நீங்கள்தான். இதை மட்டும் எப்பிடி நம்புறது?"

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. உன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அடுத்த போகம் நீ விதைக்கவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டு வவுனியாவில் மகளிடம் போனாய், அங்கேயே கண்ணை மூடினாய். செத்தவீட்டுக்கு வந்தேன். உன் மகளின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், கடைசி வரிசைக் கதிரையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது வயலைப் பார்க்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை. நிரப்பாமல் இடம் விட்ட படிவத்தைத் தொடுவதும் இல்லை. உண்மையாக அழிந்திருந்தால், தண்ணீர் வடியமுன் ஃபோனில் படமெடுத்தும் கொடுக்கிறேன். ஒருமுறை பொய்ப் படிவம் ஒன்றைப் பற்றிக் கந்தோரிலேயே சொல்லிவிட்டேன். அதன்பிறகு என் வாசல் படலையைத் திறப்பவர்கள் குறைந்துபோனார்கள். பின்னேரத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான் ஊற்றுகிறேன். தனிமை பொல்லாததடி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அடம்பனில் உன்னை வவுனியா பஸ் ஏற்றிவிட்ட அன்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பையைத் தோள் மாற்றிக்கொண்டு நீ முந்திவிட்டாய்.

"விடடி. என்ர படிவத்தில நீ உண்மையைத்தானே எழுதினனீ."

ஓம். என் வாழ்நாளில் பார்த்து வைத்த முதல் கையெழுத்து அது. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.